நன்கொடைச் சவாலுக்குப் பிரபலத் தூதரையும் இளம் தூதர்களையும் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நிதி திரட்ட ஒரு நடைச் சவால் நடத்தலாம் என்று முடிவானதுமே குழுவில் எழும் முதல் கேள்வி, ‘எந்த நடிகரைக் கேட்கலாம்?’ என்பதுதான். பல குழுக்களோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்து பார்த்ததில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: பிரபலம் கடைசியில் வர வேண்டியவர். முதலில் பணம் வரும் வழி, அடுத்து சவாலின் விதி, அப்புறம் இளம் தூதர்கள், அதாவது தாங்களும் நடந்து, தெரிந்தவர்களிடம் நன்கொடை கேட்கும் பிள்ளைகள், அதற்குப் பிறகுதான் பிரபலம்.

பிரபலத்தின் ஒரு பதிவால் வரும் கூட்டம் சில மணி நேரம்தான் நிற்கும். அந்த நேரத்தில் நன்கொடைப் பக்கம் திறக்கவில்லை, ரசீது வரவில்லை என்றால் போனவர்கள் திரும்பி வருவதில்லை. இளம் தூதர்கள் விஷயம் வேறு. அவர்கள் கேட்பது சித்தியிடம், மாமாவிடம், டியூஷன் மாஸ்டரிடம். தெரிந்தவர் கேட்டால்தான் பெரும்பாலானவர்கள் பணம் கொடுக்கிறார்கள். பிரபலம் செய்வது அந்தக் கேள்விக்கு ஒரு நம்பிக்கையைச் சேர்ப்பது.

எடுத்துக்காட்டுக்கு ஒரே சவாலைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்கித் தர, மாவட்ட அளவில் ஒரு சிறிய அறக்கட்டளை நடத்தும் 14 நாள் நடைச் சவால். நவம்பர் 1-இல் தொடங்கி 14-இல் முடிகிறது. நவம்பர் 14 உலக நீரிழிவு தினம், நம் நாட்டில் குழந்தைகள் தினமும் அதே நாள்தான்.

1. பணம் வரும் வழியை முதலில் சரிசெய்யுங்கள்

அறக்கட்டளையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு, அதோடு இணைந்த க்யூஆர் கோடு. இது இரண்டைத் தவிர வேறு எதற்கும் பணம் வரக் கூடாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, ‘பையனோட அப்பா ஜிபே நம்பருக்கு அனுப்புங்க, மொத்தமா சேர்த்து மாத்திடலாம்’ என்பது. அந்தப் பணத்துக்கு அறக்கட்டளை நன்கொடையாளர் பெயரில் ரசீது போட முடியாது. நாளைக்கு யாராவது கணக்குக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த அப்பா. நல்ல எண்ணத்தோடு வந்த குடும்பத்தை அந்த நிலையில் நிறுத்தக் கூடாது.

வரிச் சலுகை பற்றி ஆடிட்டரிடம் முன்பே பேசிவிடுங்கள். எல்லோரும் 80ஜி என்று சொல்லும் சலுகை, அதற்கான பதிவு உள்ள அமைப்புக்குத் தரும் நன்கொடைக்கு மட்டுமே. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. 2025-இன் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருப்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறியிருக்கும், பழைய துண்டறிக்கையை அப்படியே அச்சடிக்க வேண்டாம். சான்றிதழ் வேண்டும் என்பவரிடம் பணம் வாங்கும்போதே பான் எண்ணையும் வாங்கிவிடுங்கள். பிறகு தேடிப் பிடிப்பது பெரும் பாடு.

வெளிநாட்டுப் பணம் தனி விஷயம். பிரபலம் ஒருவர் பதிவு போட்டதுமே கோலாலம்பூரிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் ‘நாங்க எப்படி அனுப்புறது?’ என்று கேள்வி வரும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு, வெளிநாட்டுக் குடிமக்களிடம் பணம் வாங்க முடியாது. துபாயில் வேலை பார்க்கும், இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் சித்தப்பா தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். கனடா குடியுரிமை வாங்கிவிட்ட அத்தை, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அனுப்ப முடியாது. அதனால் நன்கொடைப் பக்கத்தின் மேலேயே ‘இந்தியக் குடிமக்களிடமிருந்து மட்டும்’ என்று போட்டுவிடுங்கள். வந்த பிறகு திருப்பி அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒவ்வொரு இளம் தூதருக்கும் தனிப் பக்கம் வேண்டும் என்றால் மிலாப், கெட்டோ போன்ற தளங்களைப் பார்க்கலாம். கட்டணம் எவ்வளவு பிடிக்கிறார்கள், பணம் எத்தனை நாளில் கணக்குக்கு வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தளம் வேண்டாம் என்றால், ஒவ்வொரு தூதருக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, பணம் அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் அதைப் போடச் சொன்னாலே போதும்.

கடைசியாக ஒரு சோதனை. மூன்று வெவ்வேறு ஃபோன்களிலிருந்து பத்து ரூபாய் அனுப்பிப் பாருங்கள். பணம் போகும் முன் திரையில் அறக்கட்டளையின் பெயர் தெரிகிறதா? ரசீது யாருக்கு, எத்தனை நேரத்தில் போகிறது? இது முடியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

2. சவாலை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்

‘14 நாள், தினம் 5,000 அடி நடக்கிறேன், என்னோடு சேர்ந்து நடங்கள், ஒரு பெட்டி ஸ்ட்ரிப்புக்கான பணத்தையும் கொடுங்கள்.’ இதைவிட நீளமாக இருந்தால் இன்னொருவருக்குச் சொல்லும்போது பாதி உதிர்ந்துவிடும்.

கொடுப்பது அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். 2014-இல் உலகம் முழுக்கப் பரவிய ஐஸ் வாளிச் சவாலில் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக இயங்கும் அமெரிக்கச் சங்கத்துக்குச் சுமார் 11.5 கோடி டாலர் வந்தது. ஆனால் அது ஊர் ஊராகப் பரவியபோது தலையில் தண்ணீர் ஊற்றியதோடு நிறுத்திக்கொண்டவர்களும் ஏராளம். அதே ஆண்டு ஹைதராபாத்தைச் சேர்ந்த பத்திரிகையாளர் மஞ்சு லதா கலாநிதி தொடங்கிய அரிசி வாளிச் சவாலில், ஒரு வாளி அரிசியைத் தேவைப்படுகிறவருக்குக் கொடுப்பதே சவால். செய்தாலே கொடுத்ததாகிவிடும். நடைச் சவாலில் செய்வதும் கொடுப்பதும் தானாகச் சேராது, நாம்தான் சேர்க்க வேண்டும்.

தொகையைப் பொருளாகச் சொல்லுங்கள். உங்கள் ஊர் மருந்துக் கடையில் 50 ஸ்ட்ரிப் உள்ள பெட்டியின் விலைக்குப் பில் வாங்கி, அந்தப் படத்தையே நன்கொடைப் பக்கத்தில் போடுங்கள். நாளுக்கு நான்கு முறையாவது சர்க்கரை பார்க்க வேண்டிய குழந்தைக்கு அந்தப் பெட்டி இரண்டு வாரம்கூட வராது. இந்தக் கணக்கு புரிந்தவர் கையை இறுக்கிக்கொள்ள மாட்டார்.

முதல் இலக்கு சிறியதாக இருக்கட்டும். பிரிட்டனில் 2020-இல் கேப்டன் டாம் மூர் தன் 100-ஆவது பிறந்தநாளுக்கு முன் தோட்டத்தில் 100 சுற்று நடக்கத் தொடங்கியபோது வைத்த இலக்கு 1,000 பவுண்டுதான். சேர்ந்ததோ 3 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு மேல். அவரைப் பார்த்து, செயற்கைக் கால்களோடு நடந்த ஐந்து வயதுச் சிறுவன் டோனி ஹட்ஜெல் வைத்த இலக்கு 500 பவுண்டு, சேர்ந்தது 10 லட்சத்துக்கு மேல். எட்டிவிடக்கூடிய இலக்கு என்றால் அடுத்தவருக்கும் கொடுக்கத் தோன்றும். எட்டியதும் உயர்த்திக்கொள்ளலாம்.

மழைக்கு ஒரு விதி எழுதிவையுங்கள். நவம்பர் வடகிழக்குப் பருவமழை மாதம், சென்னையிலும் டெல்டாவிலும் நாலு நாள் வெளியே போக முடியாமல் போகலாம். வீட்டுக்குள், திண்ணையில், மாடிப்படியில் நடந்தாலும் கணக்கில் சேரும் என்று முன்பே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் மழையில் பாதிப் பேர் ‘விட்டுப்போச்சு’ என்று நின்றுவிடுவார்கள்.

3. இளம் தூதர்களைத் தேர்ந்தெடுப்பது

இன்ஸ்டாகிராமில் நிறைய ஃபாலோயர் உள்ள பிள்ளையைத் தேடாதீர்கள். வகுப்பில் சுற்றுலாவுக்குப் பணம் வசூலிக்கும் பொறுப்பை யாரிடம் கொடுக்கிறார்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாத, கணக்கு எழுதிவைக்கிற பிள்ளைதான் வேண்டும்.

பத்திலிருந்து பதினைந்து பேர் போதும். அதற்கு மேல் போனால் தினமும் ஒவ்வொருவரிடமும் பேச ஆள் இருக்காது. ஒரே பள்ளியிலிருந்து எடுக்காமல் கல்லூரி, கபடிக் குழு, குடியிருப்போர் சங்கம் என்று பரவலாக எடுத்தால் ஒரே உறவினரிடம் நாலு பேர் கேட்கும் நிலை வராது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூடியவரை தவிர்க்கிறேன். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு காத்திருக்கிறது, வீட்டில் நெருக்கடி இருக்கும்.

டைப் 1 உள்ள பிள்ளைகளே தூதராக விரும்பலாம். அவர்கள் பேசினால் அதன் கனமே வேறு. ஆனால் அந்த முடிவு அவர்களுடையது. சில வீடுகளில் பெண் பிள்ளைக்கு இன்சுலின் போடுவது சொந்தக்காரர்களுக்கே தெரியாது, நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வரும் என்ற பயம். அந்தப் பயத்தை நாம் சரி தவறு என்று அளக்க வேண்டியதில்லை. நோயைச் சொல்லாமலே தூதராக இருக்கலாம் என்ற வழியை முதலிலேயே திறந்துவையுங்கள்.

4. சம்மதமும் பாதுகாப்பும்

18 வயது நிறையாதவர்கள் எல்லோருக்கும் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். பள்ளியின் அனுமதி அதற்கு ஈடாகாது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. படிவம் தமிழில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். படம் எங்கே வரும், எத்தனை நாள் இருக்கும், நோயைப் பற்றிச் சொல்லலாமா, எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இந்த நான்கும் தெளிவாக வேண்டும். கையெழுத்து வாங்கினாலும் பிள்ளையிடம் தனியாக ஒரு முறை கேளுங்கள். அம்மா அப்பா தலையாட்டி, பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தால் அது சம்மதம் இல்லை.

வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு பிள்ளையோடும் பெற்றோர் ஒருவர் இருக்க வேண்டும். பெரியவர்கள் யாரும் பிள்ளைகளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது. நன்கொடையாளருக்கும் பிரபலத்தின் குழுவுக்கும் இதே விதிதான். படத்தில் பள்ளிச் சீருடை, பேட்ஜ், வீட்டு வாசல் தெரியக் கூடாது. தினமும் நடக்கும் பாதையையும் நேரத்தையும் வெளியே போடக் கூடாது, ‘காலையில் ஆறு மணிக்கு இந்தப் பூங்காவில்’ என்று பிள்ளை எழுதிவிடும்.

உண்டியலோடு பேருந்து நிலையத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவது வேண்டவே வேண்டாம். பாதுகாப்பும் இல்லை, எண்ணிக்கைக்குச் சாட்சியும் இல்லை.

டைப் 1 உள்ள பிள்ளை நடக்கும்போது கூட ஒருவர் இருக்க வேண்டும். நடையில் சர்க்கரை இறங்கும். ரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழ் போனால் 15 கிராம் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது பொதுவான முறை. பாக்கெட்டில் குளுக்கோஸ் இல்லாமல் கிளம்பக் கூடாது. தினம் எத்தனை அடி என்பதை அவர்களுடைய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சவாலின் 5,000 அவர்களைக் கட்டுப்படுத்தாது என்று விதியிலேயே எழுதுங்கள்.

5. கேட்கக் கற்றுக்கொடுங்கள்

பெரும்பாலான குழுக்கள் டீசர்ட் கொடுத்து, படம் எடுத்து, அதைப் பயிற்சி என்று சொல்லிவிடுகின்றன. பிள்ளைக்கு வேண்டியது, பணம் கேட்கும் அந்த ஒரு நிமிடத்தை முன்கூட்டியே பேசிப் பார்ப்பது.

இருவர் இருவராக உட்காரவைத்துப் பேசவிடுங்கள். ஒருவர் தூதர், இன்னொருவர் மாமா. ‘மாமா, நான் 14 நாள் நடக்கிறேன். டைப் 1 உள்ள குழந்தைகளுக்கு ஸ்ட்ரிப் வாங்க. நீங்க ஒரு பெட்டி கொடுக்கிறீங்களா?’ அவ்வளவுதான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மௌனம் தாங்காமல் ‘இல்லன்னாலும் பரவாயில்ல மாமா, நூறு ரூபா கூட போதும்’ என்று தாங்களே குறைத்துவிடுகிறார்கள். மாமா யோசித்துக்கொண்டிருந்தது ஜிபே பின் நம்பரையாகக்கூட இருக்கலாம்.

‘சின்ன வயசுல இனிப்பு நிறைய தின்னதாலதானே வருது?’ என்று கேட்பவர் கட்டாயம் இருப்பார். பதில் வாயில் தயாராக இருக்க வேண்டும்: ‘இல்லைங்க, இது சாப்பாட்டால வர்றதில்ல. உடம்போட எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கிற செல்லை அழிச்சிடுது. தினமும் வெளியில இருந்து இன்சுலின் போட்டாதான் உயிர் வாழ முடியும்.’ இதைச் சொல்லத் தெரியாத தூதரை வெளியே அனுப்பாதீர்கள்.

இன்னொன்று: முதல் நன்கொடை தூதரின் சொந்த வீட்டிலிருந்து வரட்டும், ஐம்பது ரூபாயானாலும். வெறுமையாக இருக்கும் பக்கத்தில் முதலாவதாகப் பணம் போட யாருக்கும் தயக்கம்தான்.

6. இப்போது பிரபலம்

இளம் தூதர்கள் தயாராகி, பக்கத்தில் கொஞ்சம் பணமும் ஏறிய பிறகு கேளுங்கள். ‘இப்படி ஒன்று செய்யப்போகிறோம்’ என்பதற்கும் ‘12 பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள், 40 பெட்டிக்குப் பணம் வந்துவிட்டது’ என்பதற்கும் மேனேஜர் காட்டும் மரியாதையே வேறு. அவருடைய கவலை ஒன்றுதான்: நாளைக்கு இதில் ஏதாவது தப்பு வந்து தன் ஆளின் பெயர் கெடுமா? அந்தக் கவலையைத் தீர்க்கும் தாள்களை முதல் மின்னஞ்சலிலேயே இணையுங்கள். பதிவுச் சான்று, கடந்த ஆண்டின் தணிக்கைக் கணக்கு, பணம் போகும் கணக்கின் பெயர், உதவி பெறும் மருத்துவமனையின் கடிதம்.

யாரைக் கேட்பது? மாவட்ட அளவுச் சவாலுக்குப் பெரிய திரை நட்சத்திரம் தேவையில்லை. ஊர்க்காரரான கபடி வீரர், பண்பலைத் தொகுப்பாளர், பட்டிமன்றப் பேச்சாளர், யூடியூப் சேனல் நடத்துபவர் ஆகியோரின் ரசிகர்கள் அதே ஊரில் இருக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களின் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டபோது முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. கொடுத்ததை எல்லோரும் பார்த்தார்கள். அப்படி ஏற்கெனவே கொடுத்துப் பழகியவர்களைப் பாருங்கள்.

கேட்பதற்கு முன் மூன்று விஷயங்களை விசாரியுங்கள். அவருடைய படம் அந்த இரண்டு வாரத்தில் வெளியாகிறதா? ஆகிறதென்றால் சவால் விளம்பரத்தில் கரைந்துவிடும். ஏதாவது கட்சிக்காகப் பேசுகிறாரா? பேசினால் பாதி ஊர் விலகும், தேர்தல் காலத்தில் நடத்தை விதிச் சிக்கலும் உண்டு. குளிர்பானத்துக்கோ மிட்டாய்க்கோ விளம்பரம் செய்கிறாரா? நம் சவாலுக்கு இது பெரிய விஷயம்.

கேட்பது சிறியதாக இருக்கட்டும்: 30 விநாடி வீடியோ ஒன்று, ஸ்டோரி இரண்டு, அவருடைய சொந்த நன்கொடை ஒன்று. கடைசியதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். தான் கொடுக்காமல் ஊரைக் கொடுக்கச் சொல்பவரின் பேச்சு எடுபடாது. தொகையை வெளியே சொல்வது அவர் விருப்பம். இலவசமாகச் செய்கிறாரா, கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கட்டணம் உண்டென்றால் அதைப் பதிவில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், நன்கொடைப் பணத்திலிருந்து அதைக் கொடுக்கவே கூடாது.

7. அவர் பேச வேண்டியதை நீங்களே எழுதிக்கொடுங்கள்

‘உங்க ஸ்டைல்ல சொல்லிடுங்க சார்’ என்று விட்டால் நல்ல மனதோடு தப்பாகச் சொல்வார். நடைச் சவால், சர்க்கரை நோய் இரண்டும் சேர்ந்ததும் எவருக்கும் வாயில் வருவது ‘தினமும் நடந்தா சர்க்கரை நோய் வராது’ என்பதுதான். டைப் 1 உள்ள குழந்தையின் அம்மா அதைக் கேட்டால், பிள்ளைக்கு நோய் வந்தது தன் கவனக்குறைவால் என்று ஊரே சொல்வதாகத்தான் அவர் காதில் விழும்.

நான் கொடுப்பது இவ்வளவுதான்: ‘வணக்கம். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தைகள் ஒவ்வொரு நாளும் பல முறை ரத்தச் சர்க்கரை பார்க்கணும். அதுக்கான ஸ்ட்ரிப் வாங்க, நம்ம ஊர்ப் பிள்ளைங்க 14 நாள் நடக்கிறாங்க. நான் ஒரு பெட்டி கொடுத்துட்டேன். உங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளை யாராவது கேட்டா நீங்களும் கொடுங்க.’ கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அது பார்வையாளரை இளம் தூதரிடம் அனுப்புகிறது.

க்யூஆர் படத்தை வீடியோவில் போட வேண்டாம். ஒரே நாளில் அதே மாதிரி வீடியோவில் வேறு க்யூஆர் ஒட்டிப் பரப்புகிறவர்கள் உண்டு. இணைப்பு மட்டும் கொடுத்து, ‘பணம் அனுப்பும் முன் திரையில் அறக்கட்டளையின் பெயர் வருகிறதா என்று பாருங்கள்’ என்ற வரியைச் சேருங்கள்.

8. நேரில் வரச் சொல்வதா?

பெரும்பாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பிள்ளைகள் கலந்துகொள்ளும் நிகழ்ச்சிக்கு, கூட்டத்தைக் கணிக்க முடியாத ஒருவரை அழைப்பது பொறுப்பான செயல் அல்ல. இளம் தூதர்களோடு அரை மணி நேரம் வீடியோ அழைப்பில் பேசச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

வந்தே தீர வேண்டும் என்றால் காவல் துறையின் எழுத்துபூர்வ அனுமதி, நுழைவுப் பட்டியல், ஆம்புலன்ஸ் மூன்றும் கட்டாயம். ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி. வருகையை முன்கூட்டி அறிவிக்கக் கூடாது.

ரசிகர் மன்றத்தை ஒதுக்கிவிடாதீர்கள். ரத்த தானம், அன்னதானம் என்று அவர்கள் ஏற்கெனவே களத்தில் இருப்பவர்கள். மாவட்டப் பொறுப்பாளரோடு உட்கார்ந்து, பணம் வசூலிக்கும் வேலை மட்டும் அவர்களுக்கு இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, நடை வழியில் தண்ணீர், போக்குவரத்து ஒழுங்கு, இணைப்பைப் பகிர்தல் ஆகியவற்றைக் கொடுங்கள்.

9. அந்த 14 நாள்

முதல் நாளில் பிரபலத்தின் வீடியோவைப் போட்டுத் தீர்த்துவிடாதீர்கள். முதல் மூன்று நாள் பிள்ளைகள் கேட்கட்டும், சம்பளம் வந்த வாரம் அது. ஐந்தாம் ஆறாம் நாளில் உற்சாகம் தொய்யும். வீடியோ அப்போது வர வேண்டும். இரண்டாவது ஸ்டோரி 13-ஆம் தேதி மாலை. தீபாவளி இடையில் வரும் வருடமாக இருந்தால் அதற்கு முந்தைய இரண்டு நாள் யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள், நன்றி மட்டும் சொல்லுங்கள்.

தூதர்களிடையே யார் அதிகம் சேர்த்தார் என்று பட்டியல் போடுவதை நான் ஏற்பதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளை இரண்டே ஃபோனில் முதலிடம் பிடிக்கும், தெருத் தெருவாகக் கேட்ட பிள்ளை கடைசியில் நிற்கும். சென்னை உட்படப் பல ஊர்களில் நடக்கும் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டத்தில் போட்டியே கிடையாது, இத்தனைக்கும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அது ஆண்டாண்டாகப் பணம் சேர்க்கிறது. பட்டியல்தான் வேண்டும் என்றால், எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்பதை எண்ணுங்கள்.

தினமும் இரவு ஒரே செய்தி: இன்று வந்தது எத்தனை பெட்டி, இதுவரை எத்தனை. ஒரு பெரியவர் ஒவ்வொரு தூதரிடமும் இரண்டு நாளுக்கு ஒரு முறை பேச வேண்டும். யாராவது பிள்ளையிடம் கடுமையாகப் பேசியிருப்பார், அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

10. முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் மொத்தத் தொகை, தளக் கட்டணம், வாங்கிய பெட்டிகளின் பில் மூன்றையும் வெளியிடுங்கள். கேப்டன் டாம் மூர் பெயரில் அவருடைய குடும்பத்தினர் தொடங்கிய அறக்கட்டளையைப் பற்றி 2024-இல் பிரிட்டனின் அறக்கட்டளை ஆணையம் கடுமையான அறிக்கை வெளியிட்டது. குடும்பத்தின் தனிப்பட்ட ஆதாயமும் அறக்கட்டளையின் நலனும் கலந்துபோனதே அதன் மையக் குற்றச்சாட்டு. அவர் நடந்து சேர்த்த பணம் வேறு, அது தேசிய சுகாதாரச் சேவையின் தொண்டு அமைப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் பெயர் ஒன்றுதானே? பிரபலத்தின் படம் போட்ட டீசர்ட், கப் என்று எதை விற்றாலும் அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று எழுதியிருக்க வேண்டும்.

பிரபலத்தின் மேனேஜருக்கு ஒரு பக்கக் கணக்கு அனுப்புங்கள். பெரும்பாலான அமைப்புகள் இதைச் செய்வதில்லை. அடுத்த ஆண்டு உங்கள் ஃபோனை அவர் எடுப்பதற்கான காரணம் இந்தத் தாள்தான். இளம் தூதர்களுக்குக் கையெழுத்திட்ட சான்றிதழோடு, அவர்கள் சேர்த்த பணத்தில் எத்தனை பெட்டி போனது என்று தனித்தனியாக எழுதிக்கொடுங்கள். ஸ்ட்ரிப் வாங்கிக்கொள்ளும் குழந்தையைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள், பெட்டிகளின் படம் போதும்.

பான் கொடுத்த நன்கொடையாளர்களின் விவரத்தை மே 31-க்குள் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து சான்றிதழ் தருவது வழக்கம். பட்டியலை நவம்பரிலேயே ஆடிட்டரிடம் கொடுத்து, அந்த ஆண்டின் படிவத்தையும் தேதியையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் படங்களைப் படிவத்தில் சொன்ன தேதியில் நீக்கிவிட்டு, நீக்கியதைப் பெற்றோருக்கு ஒரு வரியில் தெரிவியுங்கள்.